மாமியார் கண்ணைக் கட்டிய மத்தியானம்

எட்டாயிரம் பேரை ஒரே மத்தியானத்தில் ஒரே ஆளாக்கியவள் நான். மறுநாள் சாயங்காலம் அந்த ஒரு ஆளையும் மாயமாக மறைய வைத்தேன். மந்திரம் போடவில்லை, மை தடவவில்லை. குளிக்கிற பிளாஸ்டிக் வாளிகள்தான் வைத்திருந்தேன்.

இதை நான் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. பந்தியில் ரசத்துக்கு ஆரம்பித்தால் பாயசம் வருவதற்குள் இலையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். சொல்கிற விதத்தில் சொன்னால் ஊரே நம்பும். ஒருத்தர் மட்டும் நம்ப மாட்டார். ஆவுடையப்பன். எங்கள் பொருநைக்கரைப் பல்கலைக்கழகத்தில் பதிவாளராக இருந்தவர். நான் அதே பல்கலைக்கழகத்தில் வலைப்பின்னல் பிரிவுக்குத் தலைவி, வடிவாம்பாள். இருவரும் ஓய்வு பெற்று வருஷங்கள் ஓடிவிட்டன. ஆண்டுக்கு ஒரு முறை கருவூல அலுவலக வராந்தாவில், ஓய்வூதியக்காரர்கள் எல்லோரும் இன்னும் சாகவில்லை என்று நிரூபிக்கிற நாளில் சந்திப்போம். நான் கதையை ஆரம்பிப்பேன். அவர் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நடக்க வாய்ப்பே இல்லைம்மா" என்பார்.

இந்த வருஷமும் ஆரம்பித்தேன். அதைச் சொல்லுமுன் நீங்கள் மாமியாரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்போது செவ்வாய்க் கிரகத்துக்கு ஆள் போய்த் திரும்பிவிட்டான். எங்கள் ஊர் மேம்பாலம் மட்டும் இன்னும் பாதியில் நின்றது. அந்தக் காலத்தில்தான் எங்கள் வளாகத்துக்கு ஓர் இயந்திரம் வந்து சேர்ந்தது. ஒப்பந்தத்தில் அதன் பெயர் துணைவன். பிள்ளைகள் வைத்த பெயர் மாமியார். வளாகத்து வைஃபையில் ஓடுகிற ஒவ்வொரு துளியையும் அது முகர்ந்து பார்க்கும். யார் எதைத் தேடினார்கள், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார்கள், எழுதி எழுதி எதை அழித்தார்கள், எல்லாம் அதற்கு வேண்டும். கடவுச்சொல்லை மாற்றி ஏமாற்ற முடியாது. திரையைத் தள்ளும் கட்டைவிரலின் நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடும். எங்கள் கேன்டீன் வடை உளுந்துதானா என்று அதைத் தின்னாமலே கண்டுபிடித்தது என்று சொல்வேன். இதில் கொஞ்சம் மசாலா உண்டு, ஆனால் கொஞ்சம்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் அது வீடுகளுக்கு நலத் தகவல் அனுப்பும். உங்கள் பிள்ளை சோர்வாக இருக்கிறான், உங்கள் பெண் யாருடனோ அதிகம் பேசுகிறாள், இப்படி.

அதைக் கொண்டுவந்தவர் ஆவுடையப்பன். அதற்காக அவரைத் திட்டவும் முடியாது. அதற்கு முந்தின வருஷம் விடுதியில் ஒரு பெண் இறந்துபோனாள். வாரக்கணக்கில் வகுப்புக்கு வரவில்லை, சாப்பிட வரவில்லை, ஒருவரும் கவனிக்கவில்லை. அவளுடைய அம்மா பல்கலைக்கழக வாசலில் நின்று, "எம்புள்ளைய ஒருத்தருமே பாக்கலையா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றவர் இவர். அன்றிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை. துணைவன் வந்த பிறகுதான் தூங்கினார் என்று அவர் மனைவியே என்னிடம் சொன்னார்.

ஆனால் அந்த இயந்திரத்துக்குப் பார்க்கத்தான் தெரியும், புரிந்துகொள்ளத் தெரியாது. வேளாண்மை படித்த ஒரு பையன் பரீட்சைக்காகப் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி நாள் முழுக்கத் தேடினான். வேறு எதைத் தேடுவான் பாவம், பாடமே அதுதானே. மாமியார் உடனே ஆம்புலன்ஸை அழைத்து, கதவை உடைக்கச் சொல்லி, வீட்டுக்கும் தகவல் கொடுத்துவிட்டது. பையன் கையில் பாடப்புத்தகத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஊரில் அவன் அப்பா வயலிலேயே மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் ஒரு கை அப்புறம் விளங்கவில்லை.

பிள்ளைகள் எதையும் தேடப் பயந்தார்கள். உடம்புக்கு ஒன்று என்றால் தேட மாட்டார்கள். மனசுக்கு ஒன்று என்றால் சுத்தமாகத் தேட மாட்டார்கள். யாரைக் காப்பாற்ற அது வந்ததோ அவர்கள் அதனிடமிருந்து ஒளிய ஆரம்பித்தார்கள். இதைப் பதிவாளரிடம் நான் சொல்லிப் பார்த்தேன். வாசலில் நின்ற அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள் என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார்.

அப்போதுதான் முப்பிடாதியின் பெயர் என் திரையில் வந்தது.

முப்பிடாதி முதுகலை நிலவியல் இரண்டாம் ஆண்டு. மழையையே வருஷத்துக்கு நாலு நாள் பார்க்கிற தேரிக்காட்டுப் பக்கத்துப் பெண். அவளுக்கு ஆசை முழுக்கப் பனியாறு மேலே. லடாக்கில் பனியாறு ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். சனிக்கிழமை காலை காணொளியில் நேர்முகத் தேர்வு. வீட்டில் இது தெரியாது. அங்கே அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து, பரீட்சை முடிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். இவள் ரயில் தேடியிருந்தாள், கம்பளிச் சட்டை விலை பார்த்திருந்தாள், பாத்திரக் கடைகளில் இருந்து வந்த கல்யாணச் சீர் விளம்பரங்களை ஒன்று விடாமல் மூடியிருந்தாள். மாமியார் கூட்டிக் கழித்து, "வீட்டை விட்டு வெளியேறும் வாய்ப்பு மிக அதிகம்" என்று எழுதி, வெள்ளிக்கிழமை வரிசையில் வைத்துவிட்டது. தகவல் போனால் அப்பாவும் சித்தப்பாமாரும் காரெடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். சனிக்கிழமை காலையில் அவள் வளாகத்தில் இருக்க மாட்டாள்.

அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன். சர்வர் அறைக்கு வந்தாள். அங்கே குளிர் எப்படி என்றால் பல்லிகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நிற்கும். இவள் மட்டும் நடுங்கவே இல்லை, லடாக்குக்குப் பழகுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். திரையைக் காட்டினேன். படித்தாள். முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"ஏட்டி, வீட்ல சொல்ல வேண்டியதுதானே" என்றேன்.

"சொல்லத்தான் மேடம் போறேன். எடம் கெடச்ச பெறகு, எங்கப்பா மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்லுவேன். அடிச்சாலும் சரி. எங்க வீட்டு விஷயத்த நான் சொல்லணுமா, மிசின் சொல்லணுமா?"

முப்பத்தைந்து வயசுக்கு மேல் என்னை யாரும் அப்படி நேராகக் கேள்வி கேட்டதில்லை.

தன் தகவலை நான் அழித்துவிட முடியுமா என்று கேட்டாள். அழித்தால், அழித்தது யார் என்று அதுவே ஊரைக் கூட்டிச் சொல்லும் என்றேன். அப்படியே அழித்தாலும் தனக்கு மட்டும் அழித்து என்ன பிரயோஜனம், வரிசையில் மற்ற பிள்ளைகளும்தானே இருக்கிறார்கள் என்றாள். அந்த நிமிஷமே எனக்கு இருபது வயசு குறைந்துவிட்டது. பிறகு ஏறவே இல்லை, பார்த்தாலே தெரியுமே.

மாமியாருக்கு ஒரு பலவீனம் இருந்தது. அதைச் செய்தவர்கள் வேறு எங்கேயோ இருந்து, ஒருத்தருக்கு ஒரு போன், ஒரு போனுக்கு ஒரு ஆள் என்று நினைத்துச் செய்துவிட்டார்கள். எங்கள் விடுதியைப் பார்த்ததில்லை போலும். இங்கே ஒருத்தி போனில் நாலு பேர் படம் பார்ப்பார்கள், ஆறு பேர் வீட்டுக்குப் பேசுவார்கள். இயந்திரம் அதைக் கட்டைவிரல் நடையை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தது. குழம்புகிற ஆள் ஒன்றிரண்டு என்றால் திருத்திக்கொள்ளும். கும்பலாகக் குழம்பினால் சாட்சி போன்களைக் கேட்கும். சாட்சி போன் என்பது அதிகாரிகள், துறைத் தலைவர்கள் கையில் இருப்பது. அவர்கள் போனை அடுத்தவர் தொட மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. அந்தப் போன்களை அளவுகோலாக வைத்து மற்ற எல்லோரையும் மறுபடி அடையாளம் கண்டுகொள்ளும். அந்தச் சாட்சிகளில் ஒன்று பொய் சொன்னாலும் ஒழிந்தது. அப்புறம் அதற்கு யாரைப் பார்த்தாலும் ஒரே ஆள்தான்.

பராமரிக்கிறவள் சாட்சியாக இருக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அதனால் என் போன் உதவாது. துறைத் தலைவர்கள் சிலரை ஓரங்கட்டிக் கேட்டேன். ஒருத்தருக்கு உடனே காய்ச்சல் வந்தது. ஒருத்தருக்குக் காது கேட்காமல் போனது. வேதியியல் தலைவர் தன் போனைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். பதிவாளரைக் கேட்க நான் என்ன பைத்தியமா?

சாட்சி கிடைக்காவிட்டாலும் சரி என்று முப்பிடாதி சொல்லிவிட்டாள். தோற்றாலும் ஒரு மத்தியானமாவது அதற்குத் தலை சுற்றட்டும் என்றாள்.

வியாழக்கிழமை எல்லாத் துறைகளுக்கும் உள்தேர்வு. தேர்வு அறை வாசலில் போன்களைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அலமாரி வாங்கித் தருவதாகச் சொல்லி வருஷக்கணக்கில் வராததால், விடுதியில் குளிக்கிற வாளிகளை வரிசையாக வைத்திருப்போம். சிவப்பு, நீலம், பச்சை. ஒரு தடவை தேர்வு நடுவில் ஒரு மேற்பார்வையாளர் போன் பக்திப் பாட்டுப் பாடிவிட்டது. அதிலிருந்து பதிவாளர் ஒரு சுற்றறிக்கை போட்டிருந்தார்: யாராக இருந்தாலும், தானே ஆனாலும், போன் வாளிக்குள்.

திட்டம் இதுதான். உள்ளே போகும்போது போன் பூட்டை எடுத்துவிட்டு வாளியில் போட வேண்டும். வெளியே வரும்போது தன் போனை எடுக்கக் கூடாது, கைக்கு வந்த வேறொன்றை எடுக்க வேண்டும். சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்து, பல்கலைக்கழக அறிவிப்புப் பக்கத்தில் ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும்: நான் நல்லா இருக்கேன். வேறெதையும் திறக்கக் கூடாது. பிறகு வாளியில் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும்.

இதை வாயால் மட்டுமே பரப்பினார்கள். சாப்பாட்டு வரிசையில், துணி காயப்போடுகிற மாடியில், பஸ்ஸில். சேதி தூத்துக்குடி வரை போய்த் திரும்பி வந்தது என்பேன் நான். விடுதிக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, பூட்டில்லாத போனை முன்பின் தெரியாதவள் கையில் எப்படிக் கொடுப்பது என்று கேட்டாளாம். நியாயமான கேள்வி. அங்கேதான் எல்லாம் உடைந்துபோகும் என்று பயந்தேன். முப்பிடாதி சொன்ன பதிலைப் பிறகு பலர் என்னிடம் சொன்னார்கள்.

"அவ பாத்தா ஒனக்குத் தெரியும்லா. நீ போயி அவகிட்ட சண்டை போடலாம்லா. மாமியார்கிட்ட எப்படி சண்டை போடுவ?"

கேள்வி கேட்ட பெண்தான் மறுநாள் முதல் ஆளாகப் பூட்டை எடுத்தாளாம்.

வியாழக்கிழமை வந்தது. வாளிகள் நிறைந்தன. தேர்வு முடிகிற நேரத்துக்கு நான் வராந்தா மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோடியில் பதிவாளர் ஆவுடையப்பன் பறக்கும் படையோடு வந்தார். பச்சை வாளி ஒன்று வழியை மறித்து நிற்கிறது என்று யாரையோ கண்டித்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். எடுத்தேன் ஓட்டம், சர்வர் அறையில்தான் நின்றேன். அந்த ஓட்டத்தை ஒலிம்பிக்கில் ஓடியிருந்தால் நாடு தலைநிமிர்ந்திருக்கும்.

திரையில் எட்டாயிரம் புள்ளிகள். ஒரு புள்ளி ஒரு பிள்ளை. மணி அடித்தது. புள்ளிகள் நடுங்கின, ஒன்றோடொன்று மோதின. மாமியார் முனகிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்தியது. மறுபடி குழம்பியது, மறுபடி திருத்தியது. அதன் கை மேலோங்குவதைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லோரையும் அவரவர் இடத்தில் நிறுத்திவிடும். சாட்சிகளைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. முடிந்தது கதை என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

திடீரென்று திரை வெறிச்சோடியது. ஒரே ஒரு புள்ளி. கீழே ஒரு வரி: வளாகத்தில் இருப்பவர் ஒருவர்.

அந்த ஒருவரைப் போல ஓர் அறிவாளியைப் பல்கலைக்கழகம் கண்டதில்லை. தாவரவியலும் வங்கிச் சட்டமும் பழந்தமிழ் இலக்கணமும் ஒரே நேரத்தில் படித்தார். எல்லா விடுதியிலும் தங்கினார். எல்லா மெஸ்ஸிலும் சாப்பிட்டுவிட்டு எல்லா மெஸ்ஸையும் குறை சொன்னார். நாற்பது பேரைக் காதலித்தார், அறுபது பேரோடு கோபித்துக்கொண்டார். ஆனால் நன்றாக இருந்தார். மூச்சு விடாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமியாருக்குத் தெரிந்த சேதி அது ஒன்றுதான். எல்லா வீட்டுக்கும் அதையே அனுப்பியது: உங்கள் பிள்ளை நன்றாக இருக்கிறார். கூடவே தன் குறிப்பேட்டில் "இந்த ஆளைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை" என்று எழுதிவிட்டு, பழைய கணக்கையெல்லாம் தானே துடைத்துப்போட்டது. அந்த ஒரு புள்ளியும் அணைந்தது.

சனிக்கிழமை காலை முப்பிடாதி நேர்முகத் தேர்வில் உட்கார்ந்தாள். இடம் கிடைத்தது. வீட்டுக்குப் போய் அப்பா முகத்துக்கு நேராக நின்று சொன்னாள். அவர் பல நாள் பேசவில்லை. ரயிலேற்றிவிட அம்மா மட்டும் வந்தாள். அப்பா இன்னும் முறைப்பாகத்தான் இருக்கிறாராம். ஆனால் ஊரில் எவனாவது பனிக்கட்டியைப் பற்றித் தப்பாகப் பேசினால் குறுக்கே விழுந்து திருத்துகிறாராம்.

போகுமுன் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தபோது அவள் ஒன்று சொன்னாள். பச்சை வாளியில் மேலாகக் கிடந்த போன்தான் அவளுக்குக் கிடைத்ததாம். விளிம்பு உடைந்து, சிவப்பு ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றியிருந்த ஓட்டைப் போன். யாரோ ரொம்பக் கஷ்டப்படுகிற பிள்ளையுடையது போல என்று, அதைப் பத்திரமாக வைத்து அந்த ஒரே வரியைத் தட்டினாளாம். திருப்பிப் போட்டபின் யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை.

விசாரணை நடந்தது. பிளாஸ்டிக் வாளியை விசாரிக்க முடியாததால் முடிந்தும்போனது. பிறகு ஒரு புதிய விதி வந்தது. இயந்திரத்துக்கு எந்தப் பிள்ளையைப் பற்றியாவது கவலை வந்தால், அதை அந்தப் பிள்ளையிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொல்லலாம் என்று அந்தப் பிள்ளையே சொல்லும். கூடவே ஒவ்வொரு விடுதிக்கும் உட்கார்ந்து பேச ஓர் ஆள், நிஜ ஆள். அந்த ஆணையை எழுதியவர் பதிவாளர் ஆவுடையப்பன். வேறு வழியில்லாமல் எழுதினார் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தேன்.

இந்த வருஷம் கருவூல வராந்தாவில் கதை இந்த இடத்துக்கு வந்தபோது ஆவுடையப்பன் வழக்கம்போலக் கண்ணாடியைத் துடைத்தார். சாட்சி போன் பொய் சொல்லாமல் அது நடந்திருக்க முடியாது, பிள்ளைகள் போனை மட்டும் மாற்றினால் அரை மணியில் அது எழுந்து உட்கார்ந்திருக்கும், ஆகவே நடக்க வாய்ப்பே இல்லை என்றார். எண்ணிக்கையிலேயே அதைச் சாய்த்துவிட்டோம் என்று நானும் வழக்கம்போலச் சொன்னேன்.

அதற்குள் அவர் முறை வந்தது. உயிரோடு இருப்பதைச் சரிபார்க்கிற இயந்திரம் அவர் முகத்தைப் பார்த்தது, இல்லை என்றது. கண் அறுவை சிகிச்சை செய்திருந்தார், மீசையையும் எடுத்திருந்தார். இப்படியும் அப்படியும் திரும்பச் சொன்னது. மறுபடி இல்லை என்றது. கவுன்டரில் இருந்த பெண், இவரைத் தெரிந்த ஓய்வூதியர் ஒருவர் சாட்சி சொன்னால் போதும் என்றாள்.

இப்படி ஒரு வாய்ப்பு எனக்குக் கனவிலும் வந்ததில்லை.

"சார், நீங்க நீங்கதான்னு நான் சொல்லணும்னா, அன்னைக்கு அது நடந்துச்சுன்னு நீங்க சொல்லணும்" என்றேன். "இல்லேன்னா உங்கள எனக்குத் தெரியாது."

கவுன்டர் பெண் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"செகப்பு ரப்பர் பேண்டு போட்ட போனு என்னுது, வடிவு."

அது அவர் சுற்றறிக்கைப்படி வாளியில் விழுந்த போன், முப்பிடாதி கைக்கு வந்தது தற்செயல், அதை வைத்து அவர் இதை நடத்தினதாகச் சொல்ல முடியாது என்று வாதாடினேன். விட்டுக்கொடுக்க மனசில்லை, என் கதை அல்லவா.

"அதுக்கு முந்தின வாரம் அந்த அம்மாவப் பாக்கப் போயிருந்தேன்" என்றார். "வாசல்ல நின்னாங்களே, அவங்க. இனிமே எல்லாத்தையும் பாக்குதோம்மா, ஒண்ணு விடாம பாக்குதோம்னு பெருமையா சொன்னேன். அவங்க கேட்டாங்க, 'ஒருத்தராவது போயி சாப்பிட்டியான்னு கேக்கலையான்னுதானய்யா கேட்டேன். வேவு பாக்கச் சொல்லலையே' அப்படின்னு."

கவுன்டர் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப ஏன் சார் வருஷா வருஷம் இல்லைன்னே சொன்னீங்க?"

"நம்பிட்டா அடுத்த வருஷம் சொல்ல மாட்டீங்களே."

நான் கவுன்டர் பக்கம் திரும்பி, இவர் ஆவுடையப்பன்தான், எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லிக் கட்டைவிரலை வைத்தேன். இயந்திரம் பச்சை விளக்குப் போட்டு அவரை உயிரோடு இருப்பவர்களில் சேர்த்துக்கொண்டது. படியிறங்கும்போது அவர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"தற்செயல்னு மட்டும் சொல்லாதீங்க. எட்டாயிரம் பேருக்குத் தெரிஞ்ச ரகசியம் பதிவாளருக்குத் தெரியாதா? நடந்துச்சு. பூட்ட எடுத்துட்டுத்தான் வாளியில போட்டேன்."